மூடியில் ஒட்டியிருந்த சீட்டு

விஷமும் வைக்கவில்லை, ஒரு வெங்காயமும் வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்கு டீச்சர் கெட்டுப்போன பண்டத்தைக் கொடுத்தாளாம், போலீஸ் வந்து விமானத்தில் ஏற்றிவிட்டதாம், கையில் விலங்கு வேறு போட்டிருந்ததாம்! விலங்கை யார் பார்த்தது? மாடி வீட்டம்மா பார்த்தாளா? தன் வீட்டுக் கொடியில் காய்கிற துணி யாருடையது என்றே அவளுக்குப் பாதி நாள் தெரியாது. இஸ்திரிக்காரர் பார்த்தாரா? அவர் தெருமுனையைத் தாண்டி எட்டு வருடம் ஆகிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பழி சொல்வதென்றால் சரியான பழியைச் சொல்ல வேண்டும். கணக்கு டீச்சர் செய்த தப்பு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது நீங்கள் பேசிக்கொள்வதும் இல்லை, அதைவிடச் சின்னதும் இல்லை. அவளை யாரும் விரட்டவில்லை. அவளாகத்தான் அந்த வாசலைத் தாண்டினாள். ஏன் தாண்டினாள் என்று முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள். திட்டுவதற்கு வேண்டிய அளவு இதில் இருக்கிறது.

அவள் நம் தெருவில் இருந்தபோது எப்படி இருந்தாள்? பதினாலு வருடம் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கைப்பை. தெருவில் எந்தப் பிள்ளை வாய்ப்பாட்டில் தடுமாறினாலும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். வெளிநாட்டில் வேலை வந்ததும் புருஷனையும் மாமியாரையும் இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். போன இடத்தில்தான் அவளுக்கு அந்த நோய் பிடித்தது. உடம்பில் இல்லை, மனசில். எதற்கெடுத்தாலும் வெட்கம்.

முதல் வாரம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். திறந்த அதே நேரம் யாரோ எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்கள். புழுக்கத்துக்குத் திறந்தார்களோ என்னவோ, யார் கண்டது? இவள் அதைத் தன் குழம்பின் வாசனைக்குத் திறந்ததாக எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து இரண்டு துண்டு ரொட்டி. வாசனையே இல்லாத ரொட்டியை, மெல்லுகிற சத்தம்கூடக் கேட்காமல் தின்பாள். ஒரு சொல்லைச் சொல்வதற்குமுன் மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பாள். வீட்டிலிருந்து போன் வந்தால் கழிப்பறைக்குப் போய்ப் பேசுவாள். அங்கே யாரும் அவளை ஒரு வார்த்தை தாழ்வாகச் சொன்னது கிடையாது. சொல்வதற்குமுன் அவளே தன்னைச் சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நம் மொழி பேசுகிற ஆள் இன்னும் ஒருத்தி இருந்தாள். தரை துடைக்கிறவள். ஒரு கம்பெனி ஆளெடுத்து அனுப்பியிருந்தது. டீச்சரைவிட நாலைந்து வயது மூத்தவள், அதனால் டீச்சருக்கு அக்கா. மாடிப்படிக்குக் கீழே தரை துடைக்கிற மாப்பும் வாளியும் வைக்கிற சின்ன அறை. காலை ஏழு மணிக்கு, மற்றவர்கள் வருமுன், டீச்சர் அங்கே போய்க் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்காருவாள். அக்கா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தருவாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசித் தீர்ப்பார்கள். எட்டு மணி ஆனதும் டீச்சர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் நடைக்கூடத்தில் எதிரெதிரே வந்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளமாட்டாள். இப்படி ஒரு சட்டத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்கா தானாகவே புரிந்துகொண்டாள்.

"எட்டு மணிக்கு மேல நீங்க மிஸ்ஸு, நான் மாப்பு. அவ்ளோதானே டீச்சர்?" என்று சொல்லிச் சிரிப்பாள்.

டீச்சரும் சிரிப்பாள். இது சிரிக்கிற விஷயமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

மூன்றாவது வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு விருந்து. பல தேசத்து ஆசிரியர்கள் இருக்கிற இடம், அதனால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்கிற ஒரு பண்டத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பகிர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து நாற்காலி ஓவிய டீச்சர், "நீங்க என்ன கொண்டுவரப்போறீங்க?" என்று கேட்டாள். அங்கே பேசியதெல்லாம் இங்கிலீஷ். இங்கே நம் வாயில் வருகிறபடி சொல்கிறோம், அதற்கும் குற்றம் சொல்லாதீர்கள்.

மூன்று வருடமாக ரொட்டி தின்றவளுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, "எங்க வீட்டு உருண்டை. மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடிக்கறது. தலைமுறை தலைமுறையா எங்க வீட்டுப் பொம்பளைங்க கைப்பக்குவம். இப்ப நான்தான் பிடிக்கறேன்" என்றுவிட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலாவது கொஞ்சம் தோல் தெரியும். இது அப்படிக்கூட இல்லை. மாமியார் அவளை அந்தப் பாத்திரத்துப் பக்கமே விட்டதில்லை. "நீ கணக்கைப் போடும்மா, உருண்டையை நான் போடறேன்" என்று பதினாலு வருடம் சொன்ன அம்மாள் அவர்.

ஆனால் ஓவிய டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டதே! அந்த முகத்தைப் பார்த்தபின் பின்வாங்க முடியுமா? அன்று சாயங்காலமே மாவு வாங்கினாள். ஒற்றை அடுப்பு வைத்த ஒற்றை அறையில் வறுத்தாள், பாகு காய்ச்சினாள், பிசைந்தாள். கையில் எடுத்துப் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தை, உதிருது."

"நெய்யைச் சுடச்சுட ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"கை பொறுக்கற சூட்டுல பிடிச்சியா?"

"கை சுட்டுடுச்சு அத்தை. கொஞ்சம் ஆறட்டும்னு விட்டேன்."

"ஆறிடுச்சுன்னா அது உருண்டையில்ல, சுண்ணாம்பு. இன்னொரு தடவை பாகு ஊத்திப் பாரு. ஆமா, யாருக்குடி இவ்ளோ அவசரமா?"

"சும்மாதான் அத்தை. ஆசையா இருந்துச்சு."

மறுநாள் பாகு கூடிப்போனது. உருண்டை கிடைத்தது, ஆனால் அம்மிக் குழவிக்குத் தம்பி. பல்லில் வைத்தால் பல்லுக்குத்தான் ஆபத்து. விருந்துக்கு ஒரு நாள்தான் பாக்கி. வாளிமேல் உட்கார்ந்து அக்காவிடம் சொல்லி அழாத குறை.

"இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிட்டிருக்கீங்க? கொடுங்க, நான் பிடிச்சுத் தரேன். எங்க ரூம்ல பத்துப் பேரு இருக்கோம். எவளுக்கு ஊர் ஞாபகம் வந்தாலும் என்னைத்தான் உருண்டை பிடிக்கச் சொல்லுவாளுங்க. நாப்பது போதுமா?"

"அக்கா... நீங்க பண்ணதுன்னு..."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், போதுமா? நீங்கதான் பிடிச்சீங்க. நான் வெறும் கை."

இப்படிச் சொன்னவளின் கையை டீச்சர் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்தியிருந்த அறைக்குள் பிடித்துக்கொண்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போது உருண்டையைப் பற்றி ஒரு விஷயம். நாலு சாமானில் பிடிப்பது டீச்சரின் மாமியார் வழக்கம்: அரிசிமாவு, வெல்லம், நெய், ஏலக்காய். அதற்குமேல் ஒரு துரும்பு சேர்த்தாலும் அந்த அம்மாளுக்கு அது தீட்டு. அக்கா வீட்டு வழக்கம் வேறு. வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துக் கலந்தால் நெய் கொஞ்சமாகப் போதும், உருண்டையும் உதிராது. நெய்யை அளந்து ஊற்றுகிற வீடுகளில் அப்படித்தான் பிடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழி உண்டு. தன் வீட்டு வழிதான் உலகத்து வழி என்று நினைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! டீச்சர் அப்படித்தான் நினைத்தாள். அக்கா அப்படி நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளுக்குக் கடலை ஆகாது என்று சாப்பாட்டுக்கூடச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்ததைத் தினமும் துடைக்கிறவள் அவள். அதனால் சோப்புப் பெட்டி அட்டையைக் கிழித்து, பேனாவால் கொட்டை எழுத்தில், 'இதில் கடலை இருக்கிறது. பார்த்துக் கொடுக்கவும்' என்று எழுதி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டினாள். எட்டாவது வரை படித்தவள். அவ்வளவு படிப்புக்கு அந்த இரண்டு வரி போதாதா?

விருந்தன்று ஏழு மணிக்கு டீச்சர் வரவில்லை. பட்டுப்புடவை கட்டி, தலை சீவி, பஸ் தவறிப்போய் எட்டேகாலுக்குத்தான் வந்தாள். அவள் மேஜைமேல் அக்கா வைத்துவிட்டுப் போன டப்பா இருந்தது. மூடியைத் திறந்தால் சோப்பு அட்டை, முறுக்கிய செலோடேப், நம் எழுத்து. பின்னால் ஓவிய டீச்சரின் செருப்புச் சத்தம். இந்த அழுக்கு அட்டையை அவள் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று ஒரே பதற்றம். பிய்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். நாலெழுத்து படித்தவள், நாலெழுத்தைப் படிக்காமல் கசக்கிப் போட்டாள். அப்புறம் உருண்டைகளைக் கண்ணாடித் தட்டில் கோபுரமாக அடுக்கினாள். ஒவ்வொரு பண்டத்துக்கும் முன்னால் வைக்க ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். பெயர், செய்தவர், சேர்த்த சாமான்கள். அழகான கையெழுத்தில் தன் பெயரை எழுதினாள். அரிசிமாவு, வெல்லம், நெய், ஏலக்காய் என்று எழுதினாள்.

பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. உருண்டை போன மாயம் தெரியவில்லை. "வாயில போட்டதும் கரையுது", "பக்குவம் எப்படின்னு எழுதிக் கொடுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தலைமை ஆசிரியை இரண்டாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, "இத்தனை நாள் இதை எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே" என்றாள். அந்த ஒரு மணி நேரம் டீச்சருக்கு நிமிர்ந்த முதுகு. அப்போது அக்கா ஓரத்தில் மாப்போடு நின்று, எப்படி இருக்கிறது என்று கண்ணாலே கேட்டாள். டீச்சர் பார்வையைத் தூக்கி மின்விசிறிமேல் வைத்துக்கொண்டாள். எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டதே!

அப்புறம்தான் ரெட்டைப்பின்னல் வந்தாள். ஐந்தாம் வகுப்புப் பெண், டீச்சரிடம் கணக்குப் படிக்கிறவள். கையில் ஒரு சிவப்புப் பட்டை கட்டியிருப்பாள், கடலை ஆகாது என்பதற்கு அடையாளம். அட்டையை வரிவரியாகப் படித்தாள். படித்ததோடு விடவில்லை.

"மிஸ், இதை யார் செஞ்சது?"

"ஏன் கண்ணு?"

"அட்டையை மட்டும் நம்பக் கூடாது, செஞ்சவங்களையே கேக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

சுற்றிலும் நாலு ஆசிரியர்கள். நாலு பேரும் டீச்சரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் செஞ்சேன்" என்றாள்.

"கடலை இருக்கா மிஸ்?"

"இல்லடா. என் கையால பிடிச்சது. தைரியமா சாப்பிடு."

அந்தப் பெண் சாப்பிட்டாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? இத்தனை நாள் சொன்ன கணக்கெல்லாம் சரியாகத்தானே வந்தது?

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. உதடு தடித்தது, கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது, மூச்சு விசில் அடித்தது. நர்ஸ் ஓடிவந்து தொடையில் ஊசி குத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. படுக்கையில் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்கியது. நல்ல காலம், உயிருக்கு ஒன்றுமில்லை. மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இது உங்களுக்கு இப்போது தெரிகிறது. அன்று மத்தியானம் அங்கே யாருக்கும் தெரியாது.

மூன்று மணிக்குத் தலைமை ஆசிரியை அறைக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள். உருண்டையில் கடலை இருப்பதாக டாக்டர் சொல்கிறார், அட்டையில் நாலு சாமான்தான் இருக்கிறது, இது எப்படி என்று தலைமை ஆசிரியை கேட்டாள். டீச்சர் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதை நான் செய்யல. துப்புரவு பண்ற அம்மாகிட்டக் கொடுத்துச் செய்யச் சொன்னேன்."

உடனே அக்காவையும், கம்பெனியின் சூப்பர்வைசரையும் வரச்சொன்னார்கள். ஈரக்கையை உடுப்பில் துடைத்தபடி அக்கா உள்ளே வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வராது. தலைமை ஆசிரியை டீச்சரைப் பார்த்து, "நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மொழிதானே?" என்றாள். அப்போதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் தடவையாக, எட்டு மணிக்கு மேல், நாலு பேர் முன்னால், டீச்சர் அக்காவோடு பேசினாள்.

"அக்கா, கடலை போட்டதை ஏன் சொல்லலன்னு கேக்கறாங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லலையா? மூடியில சீட்டு ஒட்டினேனே டீச்சர்! சோப்பு அட்டையில எழுதி ஒட்டினேனே. நீங்க பாக்கலையா? பாத்திருப்பீங்களே. சொல்லுங்க அவங்ககிட்ட, நான் சீட்டு ஒட்டியிருந்தேன்னு."

"என்ன சொல்றாங்க?" என்றாள் தலைமை ஆசிரியை.

காலையில் விரலுக்கிடையில் மொரமொரத்த அந்த அட்டை டீச்சருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. வந்தும் என்ன செய்தாள்? அதைச் சொன்னால் சீட்டைப் படிக்காமல் எறிந்தது, தெரியாமலே அட்டையில் எழுதியது, பிள்ளையிடம் சொன்ன பொய், எல்லாம் ஒரு நூலில் கோத்தாற்போல் வெளியே வரும். வாய் திறந்தது.

"தெரியாம நடந்துடுச்சாம். மன்னிச்சுக்கணும்னு சொல்றாங்க."

இதுதான். தெரு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தத் தப்பு இதுதான். உருண்டை தப்பில்லை, கடலை தப்பில்லை. ஒருத்திக்கு இருந்த ஒரே வாயாக நின்றுகொண்டு அவள் சொன்னதை விழுங்கினாளே, அது. இதில் அவளுக்காக வாதாட ஒன்றும் கிடையாது. அவளே வாதாடவில்லை.

சூப்பர்வைசர் அக்காவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டான். கம்பெனி நீக்கிவிட்டால் அந்த நாட்டில் முப்பது நாள்தான் இருக்கலாம். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க வேண்டுமானால் பழைய இடத்திலிருந்து 'இவள்மேல் குற்றமில்லை' என்று ஒரு கடிதம் வேண்டும். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவள் என்று பெயர் எடுத்தவளுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்?

ஒரு வாரம் போனது. வாளி அறையில் புது ஆள் வந்துவிட்டாள். தலைமை ஆசிரியை டீச்சரைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நிதானமா மொழிபெயர்த்தீங்க, நன்றி" என்றாள். நன்றி! செருப்பால் அடித்திருந்தாலும் வலி அன்றோடு போயிருக்கும். ரெட்டைப்பின்னல் பள்ளிக்கு வந்ததும் நேரே டீச்சர் மேஜைக்கு வந்து, தானே வரைந்த ஒரு படத்தை நீட்டினாள். "உங்க விருந்தைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க மிஸ்" என்று அதில் எழுதியிருந்தது. டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, ஏதோ எடுக்கிறவள்போல் மேஜை இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். வகுப்பு முடிகிறவரை பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினாள். பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை.

விடுமுறை நாளில் அக்கா இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு போனாள். நீள நடை, இரண்டு பக்கமும் கதவு, ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் பத்துச் செருப்பு. அக்கா அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். இடம் தேடிக் கண்டுபிடிச்சுட்டீங்களே. உக்காருங்க, இங்க வாளி இல்ல, கட்டில்தான்."

டீச்சர் உட்காரவில்லை. "அக்கா, அன்னிக்கு நான்..."

"அன்னிக்கு நான் சீட்டுன்னு சொன்னேன் டீச்சர். நீங்க சொன்னதுல பேப்பர்ங்கற வார்த்தையே வரலையே. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனா அந்த வார்த்தை தெரியும். தினமும் அதைத்தானே பொறுக்கறேன்?"

மேல்தட்டில் படுத்திருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"தூக்கி எறிஞ்சீங்களா, பாக்கவே இல்லையா?"

"எறிஞ்சேன். படிக்காம எறிஞ்சேன். ஓவிய டீச்சர் வந்துட்டாங்க, அவங்க பாத்துடுவாங்களேன்னு..."

"பாத்தா என்ன? அவங்களுக்கு நம்ம எழுத்து தெரியுமா?"

அக்கா ஒரு ரவிக்கையை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. ஸ்கூலுக்கு வந்துட்டா."

"அது போதும். ராத்திரியெல்லாம் அதுதான் கண்ணுல நின்னுச்சு. அழாதீங்க டீச்சர், நீங்க அழுதா எனக்கு லெட்டர் வந்துடுமா? இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு. பக்கத்து ஆஸ்பத்திரியில ஆள் கேக்கறாங்க. லெட்டர் இருந்தா எடுத்துக்கறேங்கறாங்க. முடிஞ்சா வாங்கிக் கொடுங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. இந்தத் தடவையாவது நேரா என்கிட்டச் சொல்லுங்க."

வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை தலைமை ஆசிரியை அறைக் கதவைத் தட்டினாள். "என்ன டீச்சர்?" என்றதும், "பலகையில எழுதற பேனா தீர்ந்துபோச்சு" என்று சொல்லி ஒரு பெட்டிப் பேனாவோடு திரும்பினாள். புதன்கிழமை இன்னொரு தடவை போய் ஒரு பெட்டி அழிப்பான். தைரியம் வரவில்லை, மேஜைமேல் சாமான்தான் சேர்ந்தது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்த நாட்களில் அவள் இரவில் மாமியாருக்குப் போன் போட்டு ஒன்றும் பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பாள். "என்னடி, சாப்டியா?" என்றால் "ம்". "உருண்டை வந்துச்சா?" என்றால் அதற்கும் "ம்".

நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்தாறாவது நாள் தலைமை ஆசிரியையே கூப்பிட்டு அனுப்பினாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை நீட்டிப்பு. தாள் மேஜைமேல் தயாராக இருந்தது, பக்கத்தில் மூடி கழற்றிய பேனா.

டீச்சர் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். எடுத்தவள் நீட்டிப்புத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஒரு வெள்ளைத்தாள் கொடுங்க" என்றாள். யார் உருண்டை பிடித்தது, யார் சீட்டு ஒட்டியது, யார் எறிந்தது, பிள்ளை என்ன கேட்டாள், தான் என்ன சொன்னாள், அக்கா இந்த அறையில் நின்று சொன்ன வார்த்தை எது, தான் மாற்றிச் சொன்ன வார்த்தை எது, எல்லாவற்றையும் எழுதினாள். அக்கா சொன்னதை நம் எழுத்திலும் எழுதி, கீழே அதன் அர்த்தத்தை இங்கிலீஷில் எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

தலைமை ஆசிரியை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், திரும்பப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள்.

"அந்த அம்மாவுக்குக் கடிதம் இப்பவே கொடுத்துடறேன். அவங்க மேல தப்பில்லன்னு எழுதிக் கொடுத்துடறேன். ஆனா இந்தத் தாள் இந்த அறையோட இருக்கட்டும். பெத்தவங்க காதுக்குப் போனா பள்ளிக்கூடத்துக்குப் பேர் கெடும். பரீட்சை வருது, வேற கணக்கு டீச்சர் இல்ல. நீங்க போய்ப் பாடத்தை நடத்துங்க."

இப்போது சொல்லுங்கள், விரட்டினார்களா? இருக்கச் சொன்னார்கள். அக்காவுக்குக் கடிதமும் கிடைத்தது, டீச்சருக்கு வேலையும் இருந்தது. உங்களில் யாராக இருந்தாலும், போதும் சாமி என்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அவளுக்கும் கை அந்தப் பக்கம் போகத்தான் போனது.

"அந்தப் பொண்ணு என்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கா" என்றாள்.

"அதனால என்ன? சின்னப் பொண்ணு, மறந்துடுவா."

"மறந்துடுவா. அவ செஞ்சது தப்புன்னு நினைச்சுட்டே மறந்துடுவா."

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டாள். கடிதத்தை அடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டுக் கொடுத்தாள். "நீட்டிப்புத் தாள் இங்கயே இருக்கும். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

டீச்சர் உறையை எடுத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அவளுடைய பாடவேளைதான். பிள்ளைகள் நோட்டைத் திறந்தார்கள். "மூடி வைங்க" என்றாள். ரெட்டைப்பின்னலைப் பார்த்தாள், பலகையைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நீ என்னைச் சரியாத்தான் கேட்டே. நான்தான் பொய் சொன்னேன். அந்த உருண்டையை நான் செய்யல. இங்க தரை துடைச்சாங்களே ஒரு அம்மா, அவங்க செஞ்சாங்க. கடலை இருக்குன்னு எழுதியும் ஒட்டினாங்க. நான் படிக்காம எறிஞ்சுட்டேன். அவங்க மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. உங்க அம்மாகிட்டயும் இதைச் சொல்லிடு."

அந்தப் பெண் சிவப்புப் பட்டையைத் திருகிக்கொண்டே யோசித்தாள்.

"ஏன் மிஸ் நீங்க செஞ்சேன்னு சொன்னீங்க?"

"வெட்கமா இருந்துச்சு."

"எதுக்கு வெட்கம்?"

டீச்சர் கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினாலு வருடம் இங்கே, மூன்று வருடம் அங்கே, எத்தனை பிள்ளைகளின் எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னவள்!

"பரவாயில்ல மிஸ்" என்றாள் அந்தப் பெண். "இனிமே நான் ரெண்டு பேரைக் கேட்டுக்கறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பென்சிலைச் சீவிவிட்டுச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த ஒரு சொல்லில்தான் டீச்சருக்கு முடிவு தெரிந்தது. தன்னை நம்பாத பிள்ளைமேல் அவளுக்கு வருத்தமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுவாகிவிட்டதே என்று நெஞ்சு கூசியது. இந்தப் பெண் முன்னால் நாளைக்கு நின்று, இது சரி, இது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

ஆசிரியர் அறைக்குப் போய்க் கைப்பையை எடுத்தாள். சேர்த்து வைத்த பேனாப் பெட்டியையும் அழிப்பான் பெட்டியையும் மேஜைமேலேயே விட்டாள். ஓவிய டீச்சர், "தலைவலியா? சீக்கிரமா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள். "இல்ல, கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அக்காவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கடைசி பஸ் போகுமுன் உறையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாலும் சரி, செருப்பு வரிசைக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டு வர வேண்டும்.

வாசலில் காவலாளி ஏட்டை நீட்டினான். நேரம் எழுதினாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றப் போனாள். கயிறு கொண்டையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இழுத்ததில் இரண்டு மயிர் அறுந்து வந்தது.

"இதை ஏன் தர்றீங்க மேடம்? நாளைக்கு வேணுமே?" என்றான்.

"நாளைக்கு வரல."

வாசல் நடையில் புது ஆள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் பதறி மாப்பை ஒதுக்கி வழிவிட்டாள். "வேண்டாம்மா, நீ துடை" என்று சொல்லிவிட்டு, டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.